பொருளாதார ஏற்றத்தாழ்வை வைத்து மாணவர்கள் செய்யும் தரவுக் கலைப் படைப்பு: எப்படித் திட்டமிடுவது?

நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க ஒரு மாணவர் குழு. பாதிப் பேர் வடிவமைப்பு, பாதிப் பேர் புள்ளியியல். இந்தப் பருவ முடிவில் நடக்கிற கண்காட்சிக்குப் பொருளாதார ஏற்றத்தாழ்வு பத்தி ஒரு தரவுக் கலைப் படைப்பு செய்யணும். திரையில ஓடுற சார்ட் வேண்டாம், நடந்து பார்க்கிற மாதிரி, தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கணும்னு மட்டும் ஒத்துக்கிட்டோம். அதுக்கு மேல ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பக்கம் இழுக்கிறாங்க. ஒருத்தருக்குப் பெரிய தங்க உருண்டை, சின்ன கறுப்பு உருண்டை வேணும். இன்னொருத்தருக்கு உலக வரைபடம் வேணும். எனக்கு நூல் வச்சு ஏதாவது செய்யணும்னு ஆசை (பேரைப் பார்த்தாலே தெரியும்).

கிடைச்சிருக்கிற இடம் ஒரு நீளமான நடைபாதை, சுமார் 30 மீட்டர். செலவு செய்யக் காசு ரொம்ப இல்ல. எந்தத் தரவை எடுக்கிறது, எந்த வடிவத்துல காட்டுறது, எதுல சறுக்குவோம்? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கணக்கன் எழுதியது:

வடிவத்தைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் எந்த ஏற்றத்தாழ்வு என்று முடிவு பண்ணுங்கள். வருமானமா, சொத்தா? நாட்டுக்கு நாடா, ஆளுக்கு ஆளா? ஒரு வருடப் படமா, காலப்போக்கா? இதைத் தீர்க்காமல் பொருள் வாங்கப் போனால், பாதி வேலை முடிந்த பிறகுதான் குழுவுக்குள் ஆளுக்கு ஒரு கேள்விக்குப் பதில் செய்துகொண்டிருந்தது தெரியவரும்.

என் பரிந்துரை: உலகம் முழுவதும், வயது வந்தோர், நிகர சொத்து, ஒரே ஒரு வருடம். நிகர சொத்து என்றால் வீடு, நிலம், சேமிப்பு, பங்கு எல்லாம் கூட்டி, கடனைக் கழித்தது. உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022-இல் இருக்கும் 2021 கணக்கு இது:

அடியில் இருக்கும் 50% பேரிடம் மொத்தச் சொத்தில் 2%.
நடுவில் இருக்கும் 40% பேரிடம் 22%.
மேலே இருக்கும் 10% பேரிடம் 76%. அதிலும் உச்சி 1% பேரிடம் மட்டும் 38%.

நான்கு எண்கள்தான். கலைப் படைப்புக்கு இது தாராளம். நாற்பது எண் காட்டினால் பார்க்கிறவர் ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போக மாட்டார்.

மைத்துளி எழுதியது:

தங்க உருண்டை கேட்ட நண்பர் கோவிச்சுக்கக் கூடாது. உருண்டைதான் இருக்கிறதிலேயே மோசமான தேர்வு.

கணக்கன் கொடுத்த எண்ணையே எடுத்துக்கோங்க. மேல் 10%-இல் ஒருவரின் சராசரி, அடி 50%-இல் ஒருவரின் சராசரியைப் போல 190 மடங்கு (76-ஐ 10-ஆல், 2-ஐ 50-ஆல் வகுத்துப் பாருங்க). இதைக் கொள்ளளவில் காட்டினால், சின்ன உருண்டை 10 செ.மீ. விட்டம் என்றால் பெரியது 57 செ.மீ.தான். ஏன்னா 190-இன் கனமூலம் 5.75. பார்க்கிறவர் கண்ணுக்கு "ஒரு ஆறு மடங்கு இருக்கும்" என்றுதான் படும். சரி, விட்டத்தையே 190 மடங்கு ஆக்குவோம் என்றால் கொள்ளளவு 68 லட்சம் மடங்குக்கு மேல் போய்விடும். ஒன்று குறைத்துச் சொல்றோம், இல்லை கூட்டிச் சொல்றோம்.

1920-களில் வியன்னாவில் சமூகவியலாளர் ஓட்டோ நியூராத்தின் குழு, புள்ளிவிவரத்தைச் சின்னப் படங்களால் காட்டும் படக்குறி முறையை உருவாக்கியபோது இதற்கு ஒரு விதியே வச்சாங்க: அளவு கூடினால் குறியைப் பெரிசாக்காதே, குறிகளின் எண்ணிக்கையைக் கூட்டு. நூறு வருஷம் ஆகியும் விளம்பரங்களில் இதை மீறாதவங்க குறைவு.

எண்ணிக்கை அல்லது நீளம். இந்த ரெண்டில் ஒண்ணைப் பிடிங்க. நூல் ஆசை இருக்கிறதால நீளம் உங்களுக்குச் சரியா வரும்.

நூல்கண்டு எழுதியது:

அக்கா, நீளம்னா எவ்வளவு நீளம்? 190 மடங்குன்னா சின்னது 1 செ.மீ., பெரிசு 1.9 மீட்டர். ஆள் உயரம் வருது! ஆனா உச்சி 1%-ஐக் காட்டினா எங்க போய் நிக்கும்?

கணக்கன் எழுதியது:

அதே அளவுகோலில் 9.5 மீட்டர். மாடிப்படி நடுவே தொங்கவிட்டால் கிட்டத்தட்ட மூன்று மாடி.

ஆனால் உங்கள் கேள்வியைப் படித்தபோது வேறொன்று தோன்றியது. 100 பேர், ஒரே ஒரு நூல். நூலின் மொத்த நீளம் 25 மீட்டர். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 25 செ.மீ. இப்போது உண்மைக் கணக்குப்படி பிரியுங்கள்:

50 பேருக்கு ஆளுக்கு 1 செ.மீ. (மொத்தம் அரை மீட்டர்)
40 பேருக்கு ஆளுக்கு 13.75 செ.மீ. (மொத்தம் 5.5 மீட்டர்)
9 பேருக்கு ஆளுக்கு ஏறத்தாழ 105.5 செ.மீ. (மொத்தம் 9.5 மீட்டர்)
ஒருவருக்கு 9.5 மீட்டர்.

கூட்டிப் பாருங்கள், சரியாக 25 மீட்டர். உங்கள் நடைபாதையில் அடங்கும்.

மைத்துளி எழுதியது:

அடடா. இதைத் தொங்கவிடவே வேண்டாம். ஏழையிலிருந்து பணக்காரர் வரை வரிசையாக நடைபாதை நெடுக நீட்டிவிடுங்க. ஒவ்வொருவர் பங்கு முடியும் இடத்திலும் ஒரு குறி. ஒருத்தர் முதல் அடி எடுத்து வைக்கும்போதே 50 பேரைத் தாண்டிடுவார். 6 மீட்டரில் 90 பேர் முடிஞ்சிடும். மீதி 19 மீட்டருக்குப் பத்தே பேர். கடைசி 9.5 மீட்டர் குறியே இல்லாமல் வெறும் நூல்.

முதல் அரை மீட்டரை மனசுல ஓட்டிப் பாருங்க. செ.மீ.க்கு ஒரு குறி, தையல்காரர் டேப் மாதிரி நெருக்கமாக. குனிந்துதான் எண்ண முடியும். நிமிர்ந்து நடந்தால் ஒரு கறை மாதிரி தெரியும், அவ்வளவுதான். அந்தக் குனிதலே படைப்பு. வேற அலங்காரம் எதுவும் வேண்டாம் என்பேன்.

கணக்கன் எழுதியது:

இது கிட்டத்தட்ட லாரன்ஸ் வளைவைப் படுக்க வைத்தது போலத்தான். அமெரிக்கப் பொருளியலாளர் மேக்ஸ் லாரன்ஸ் 1905-இல் போட்டது: மக்களை ஏழையிலிருந்து வரிசைப்படுத்தி, அதுவரை சேர்ந்த பங்கைக் குறித்துக்கொண்டே போவது. இத்தாலியர் கொராடோ ஜினி 1912-இல் கொடுத்த குறியீடு, அந்த வளைவு சமத்துவக் கோட்டிலிருந்து (எல்லோருக்கும் சமமாக இருந்தால் வரும் நேர்கோடு) எவ்வளவு தொய்ந்திருக்கிறது என்பதை ஒரே எண்ணாகச் சொல்கிறது. 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவரிடம்.

புள்ளியியல் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி: 50, 40, 10 என்று மூன்று குழுவாக வைத்துக் கணக்கிட்டால் ஜினி 0.76 வரும். உச்சி 1%-ஐத் தனியாகப் பிரித்து நான்கு குழுவாக்கினால் 0.79. தரவு மாறவில்லை, குழுவுக்குள் மறைந்திருந்த இடைவெளி வெளியே வந்தது, அவ்வளவே. இன்னும் நுணுக்கமாகப் பிரித்தால் இன்னும் ஏறும். ஆகவே விளக்கப் பலகையில் ஜினி எண் போடுவதானால் எத்தனை குழு என்றும் போடுங்கள். என்னைக் கேட்டால் ஜினியே வேண்டாம். நூலை அளக்கத் தெரிந்தவருக்கு அந்த எண் தேவைப்படாது.

அச்சாணி எழுதியது:

கொண்டாட்டத்துக்கு நடுவே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்கவும்.

ஒன்று. அந்த 50 பேருக்கும் ஆளுக்கு 1 செ.மீ. என்பது பொய். அது சராசரி. அதற்குள் சிலருக்கு 3 செ.மீ. இருக்கும், சிலருக்குக் கடன் போகப் பூஜ்யத்துக்கும் கீழே இருக்கும். கீழே போன நூலை எப்படிக் காட்டுவீர்கள்? இன்னொரு சிக்கலும் உண்டு: பெரிய கல்விக் கடன் வாங்கிப் பட்டம் முடித்து நல்ல வேலையில் சேர்ந்த இளைஞர், நிகர சொத்துக் கணக்கில் கையில் ஒன்றுமே இல்லாத கூலித் தொழிலாளியைவிட ஏழை. இதைப் பார்வையாளர் கேட்டால் பதில் இருக்கிறதா?

இரண்டு. ஒரே ஒரு வருடம், அதுவும் சொத்து மட்டும் என்று எடுத்தால் அதிர்ச்சி கிடைக்கும், கதை கிடைக்காது. அதே 2022 அறிக்கை வருமானத்தைப் பற்றி என்ன சொல்கிறது? முந்தைய இருபது ஆண்டுகளில் பணக்கார 10% நாடுகளுக்கும் ஏழை 50% நாடுகளுக்கும் இடையிலான சராசரி வருமான இடைவெளி சுமார் 50 மடங்கிலிருந்து 40-க்குச் சற்றுக் கீழே இறங்கியது. அதே காலத்தில் நாடுகளுக்கு உள்ளே, மேல் 10%-க்கும் அடி 50%-க்கும் இடையே 8.5 மடங்கிலிருந்து 15 மடங்காக ஏறியது. ஒன்று இறங்க, இன்னொன்று ஏற. இந்த இழுபறியை உங்கள் ஒற்றை நூல் காட்டாது.

மூன்று. இது கலையா, துண்டுப் பிரசுரமா?

மைத்துளி எழுதியது:

மூணாவதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், இரவு முழுக்க இழுக்கும். இரண்டாவது சரியான கேள்வி. ஆனால் ஒரு படைப்பு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் போதும் அச்சாணி சார். எல்லாத்தையும் சொல்லப் போய்த்தான் மாணவர் கண்காட்சிகளில் சுவர் முழுக்க எழுத்தா நிக்குது.

கணக்கன் எழுதியது:

அச்சாணியின் முதல் கேள்விக்கு: அடியில் இருக்கும் அரை மீட்டரில் 50 குறிகளைச் சம இடைவெளியில் வைப்பதால்தான் "ஆளுக்கு 1 செ.மீ." என்று ஆகிறது. "குழுவின் சராசரி" என்று பலகையில் ஒரு வரி போட்டாக வேண்டும். நழுவக் கூடாது. எதிர்மறைச் சொத்தை இந்த வடிவத்தில் காட்ட முடியாது. அதையும் எழுதிவிடுவதே நேர்மை.

இன்னொன்றையும் எழுத வேண்டும்: இது மதிப்பீடு. வீட்டுக்கு வீடு போய்க் கேட்கும் கணக்கெடுப்பில் பெரும் பணக்காரர்கள் சிக்குவதில்லை. மாதிரியில் அவர்கள் விழும் வாய்ப்பே குறைவு, விழுந்தாலும் முழுதாகச் சொல்வது அதைவிடக் குறைவு. அதனால் வரிப் பதிவுகள், தேசியக் கணக்குகள், கோடீஸ்வரர் பட்டியல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பொருத்தித்தான் உச்சிப் பங்கைக் கணிக்கிறார்கள். வெளிநாடுகளில் ஒளித்து வைத்த சொத்து இன்னும் இருட்டில்தான்.

இரண்டாவது கேள்விக்கு ஒரு வழி தோன்றுகிறது. அதே 25 மீட்டரில் இரண்டாவது நூல், முதல் நூலுக்கு இணையாக. அது வருமானம். அதே அறிக்கைப்படி உலக வருமானத்தில் அடி 50% பேருக்கு 8.5%, நடு 40% பேருக்கு 39.5%, மேல் 10% பேருக்கு 52%. நூலில் முறையே ஆளுக்கு 4.25 செ.மீ., 24.7 செ.மீ., 130 செ.மீ.

நடுவில் இருக்கும் 40 பேரைக் கவனியுங்கள். வருமான நூலில் அவர்களுக்கு 24.7. சமமாகப் பிரித்தால் கிடைத்திருக்கும் 25-க்குக் கிட்டத்தட்ட அதேதான். சொத்து நூலில் அதே வரிசையிடத்துக்கு 13.75. (இரண்டிலும் இருப்பவர்கள் அதே ஆட்கள் என்று எண்ண வேண்டாம். வரிசை தனித்தனி.) சம்பாதிப்பதில் சராசரியைத் தொட்டும் சேர்த்து வைப்பதில் பாதிதான் என்கிறது நூல். உச்சியைப் பார்த்து வாய் பிளப்பதைவிட எனக்கு இதுதான் சுவாரசியமாக இருக்கிறது.

அச்சாணி எழுதியது:

இரண்டு நூல் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஒப்பீடு வந்ததும் அதிர்ச்சி யோசனையாகிவிடுகிறது.

இதே மரபில் பழையது ஒன்று: டச்சுப் பொருளியலாளர் யான் பென் 1971-இல் சொன்ன ஊர்வலம். ஒரு நாட்டில் வருமானம் பெறும் எல்லோரும் ஒரு மணி நேரத்தில் உங்கள் முன் நடந்து போகிறார்கள், வருமானத்துக்கேற்ற உயரத்தில். சராசரி வருமானம் உள்ளவர் சராசரி உயரம். முக்கால் மணி நேரம் தாண்டியும் குள்ளர்களே வந்துகொண்டிருப்பார்கள், கடைசி நிமிடங்களில் வருபவர்களின் தலையே தெரியாது. அதில் நீங்கள் நிற்கிறீர்கள், அவர்கள் நடக்கிறார்கள். இங்கே நூல் நிற்கிறது, நீங்கள் நடக்கிறீர்கள். இதுவே மேல்.

நூல்கண்டு எழுதியது:

குழுவுல காட்டினேன். தங்க உருண்டை நண்பரே சரின்னுட்டார். இப்ப அவர் கேட்கிறது: நூலோட நிறத்தை மாத்தலாமா? ஏழைங்க பகுதி சிவப்பு, பணக்காரங்க பகுதி தங்கம். (தங்கத்தை விட மாட்டேங்கிறார்.)

அப்புறம் இன்னொரு யோசனை: பார்க்க வர்றவங்க அவங்க குடும்ப வருமானப்படி நூல்ல அவங்க இடத்துல ஒரு முடிச்சு போடலாமா? ஊடாட்டமா இருக்கும்.

கடைசியா, அறிக்கையில உச்சி 0.01% பேர் பத்தியும் இருக்கே. அவங்களை ஏன் விட்டோம்?

பாடவேளை எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முடிச்சு யோசனையைப் பார்த்ததும் எழுத வேண்டியதாகிவிட்டது. தயவுசெய்து வேண்டாம் கண்ணா. மாணவர்கள் ஒருவருக்கொருவர் முன்னால் நின்று தங்கள் குடும்பத்தின் இடத்தை நூலில் காட்டுவது விளையாட்டல்ல. ஏழ்மையான பிள்ளை பொய் சொல்லும், இல்லையென்றால் அந்தப் பக்கமே வராது. வசதியான பிள்ளையும் பொய்தான் சொல்லும். அடையாளமில்லாமல் பெட்டியில் சீட்டுப் போடச் சொன்னாலும், ஒரு வகுப்பில் இருக்கிற எண்ணிக்கைக்கு யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பெரும்பாலானோருக்குத் தங்கள் குடும்பத்தின் நிகர சொத்து தெரியவும் தெரியாது.

பதிலாக இப்படிச் செய்யலாம். ஒரு பெட்டியில் 1 முதல் 100 வரை எண் எழுதிய சீட்டுகள். வருகிறவர் கண்ணை மூடி ஒன்று எடுக்கட்டும், நூலில் அந்த எண் உள்ள இடத்தில் போய் நிற்கட்டும். எங்கே பிறப்போம் என்பதும் சீட்டுதானே, அதைச் சொல்லவும் வேண்டாம், புரிந்துகொள்வார்கள். ஒரு வகுப்பே சேர்ந்து வந்தால் பாதிப் பேர் முதல் அரை மீட்டரில் நிற்க முடியாமல் நெருக்குவார்கள். யாரோ ஒருவருக்கு 100 வந்தால் 9.5 மீட்டரும் அவருக்கு.

மைத்துளி எழுதியது:

டீச்சர், அருமை. பெட்டி கட்டாயம் வேணும்.

நிறம் பத்தி: 1889-இலிருந்து சமூக ஆய்வாளர் சார்ல்ஸ் பூத் லண்டனைத் தெருத் தெருவாக வறுமை வரைபடம் போட்டார். வசதிக்கு ஏற்ப ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நிறம். பணக்காரத் தெரு மஞ்சள், அடிமட்டம் கறுப்பு. அந்தக் கறுப்புக்கு அவர் கொடுத்த விளக்கத்தில் "தீயொழுக்கம், பாதிக் குற்றவாளிகள்" என்கிற தீர்ப்பும் சேர்ந்தே இருக்கு. அவ்வளவு உழைத்துச் சேகரித்த தரவுக்கு மேல் நிறமும் சொல்லும் ஏறி உட்கார்ந்துக்கிச்சு. உங்க சிவப்பும் தங்கமும் அதையேதான் வேற மாதிரி செய்யும். எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே நூல். நீளம் மட்டும் பேசட்டும். அந்த நண்பருக்கு ஆறுதலா குறிகளைத் தங்க நிறத்தில் வச்சுக்கச் சொல்லுங்க, எல்லாருக்கும்!

கணக்கன் எழுதியது:

0.01% பற்றி. அறிக்கைப்படி அவர்கள் 5,20,000 பேர், அவர்களிடம் உலகச் சொத்தில் 11%. உங்கள் அளவுகோலில் அவர்களில் ஒருவருக்கு 275 மீட்டர். ஆனால் அவர் பத்தாயிரத்தில் ஒருவர். உங்கள் நடைபாதையில் இருப்பது 100 பேர். நூறு பேர் கூட்டத்தில் அவர் வருவதே அரிது. அவரை உள்ளே நுழைத்தால் 25 மீட்டர் கணக்கு உடையும். என் கருத்து: வேண்டாம்.

மைத்துளி எழுதியது:

நான் மாறுபடுறேன். நூலில் சேர்க்க வேண்டாம், சரி. ஆனால் நடைபாதை முடிவில் தனியாக ஒரு மேடையில், அதே நூல் 275 மீட்டர் சுற்றிய ஒரு கண்டு, கீழே ஒரு வரி விளக்கம்.

நீளத்தை மடக்குறதுக்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1900 பாரிஸ் கண்காட்சிக்கு அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ. இ. பி. டு போய்ஸ் தன் அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களையும் முன்னாள் மாணவர்களையும் வைத்து, அமெரிக்கக் கறுப்பினத்தவர் வாழ்வு பற்றி 60 அளவில் விளக்கப்படங்கள் கையாலேயே வரைந்தார். ஒன்றில் ஜார்ஜியாவின் கிராமப்புறக் கறுப்பின மக்கள்தொகைக் கோடு தாளுக்குள் அடங்கவில்லை. அளவுகோலைச் சுருக்கவில்லை அவர்கள், கோட்டையே சுருளாகச் சுருட்டிட்டாங்க. மாணவர் வேலை என்றால் அது!

அச்சாணி எழுதியது:

சுருட்டினால் நீளம் கண்ணுக்குத் தெரியாதே அம்மா. 275 மீட்டர் நூல் கைப்பிடிக்குள் அடங்கும். "இவ்வளவுதானா" என்று போய்விடுவார்கள். டு போய்ஸ் படத்தில் சுருள் அழகு, ஆனால் எத்தனை மடங்கு என்று கண்ணால் யாரும் சொல்லிவிட முடியாது. எண்ணைப் படித்தால்தான் தெரியும்.

மைத்துளி எழுதியது:

கைப்பிடிக்குள் அடங்குறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. நூலின் முனையை வெளியே விடுங்க. நம்பாதவங்க இழுத்துப் பார்க்கட்டும். திரும்பச் சுத்த ஒரு ஆள் போடணும், அது உங்க குழுவின் தலைவிதி.

நூல்கண்டு எழுதியது:

சுத்துறதுக்கு ஆள் நான்தான் போல.

வேலையில இறங்கியாச்சு, ஒரு சிக்கல். சாதாரண நூலை வெட்டி முடிச்சுப் போட்டுப் பார்த்தோம். 1 செ.மீ. துண்டை முடிச்சுப் போட்டா முடிச்சுக்கே நூல் பத்தல! முதல் அரை மீட்டர் வெறும் முடிச்சுக் கட்டியா வருது. என்ன செய்யலாம்?

மைத்துளி எழுதியது:

வெட்டவே வேண்டாம். நூலுக்குப் பதில் ஒரு செ.மீ. அகலப் பருத்தி நாடா எடுங்க, 26 மீட்டர், முழுசாக. பங்கு முடியும் இடத்தில் குறுக்கே ஒரு தையல். இரண்டு நாடாவுக்கும் சேர்த்து 200 தையல் கூட வராது. மேடையில் வைக்கிற கண்டுக்கு மட்டும் மெல்லிய நூல் போதும், அது நாடா இல்லைன்னு பக்கத்தில் எழுதிடுங்க.

முதலில் நாடாவை நனைச்சுக் காய வைங்க, சுருங்க வேண்டியது சுருங்கட்டும். எலாஸ்டிக் கலந்த எதையும் தொடாதீங்க. இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே, 2 மீட்டருக்கு ஒரு தாங்கி வச்சுக் கட்டுங்க. தரையில் போட்டால் மிதிப்பாங்க, கண் உயரத்தில் கட்டினால் குனிய மாட்டாங்க.

பாடவேளை எழுதியது:

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் அந்த உயரம் சரியாக இருக்கும். பார்வையற்றோர் விரலால் தடவி எண்ணத் தையல் புடைப்பாக இருக்கட்டும். 90-ஆவது தையலுக்குப் பிறகு விரல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை அவர்கள் நம்மைவிட நன்றாகச் சொல்வார்கள்.

அச்சாணி எழுதியது:

யாராவது "மடக்கை அளவுகோலில் (ஒவ்வொரு எட்டுக்கும் பத்து மடங்கு கூடுவது) போட்டால் எல்லாம் ஒரே சுவரில் அடங்குமே" என்று வருவார்கள். வந்தால் விரட்டிவிடுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு அது சரி. இங்கே அது செய்யும் ஒரே வேலை, 1-க்கும் 950-க்கும் உள்ள தூரத்தை மூன்று எட்டாகச் சுருக்குவது.

நூல்கண்டு எழுதியது:

நாடா வாங்கியாச்சு, நனைச்சும் காய வச்சாச்சு. கணக்கன் அண்ணா, தைக்கிறதுக்கு முன்னாடி கடைசிக் கேள்வி. 13.75 செ.மீ. அட்டைத் துண்டு வெட்டி, ஒண்ணு விட்டு ஒண்ணு வச்சுக் குறிச்சுக்கிட்டே போகலாமா?

கணக்கன் எழுதியது:

வேண்டாம். அட்டை அரை மில்லிமீட்டர் பிசகினாலும் 40 முறையில் 2 செ.மீ. போய்விடும். அது அடியில் இருப்பவர்களில் இரண்டு பேரின் மொத்தச் சொத்து. ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒவ்வொரு தையலுக்கும் தொடக்கத்திலிருந்து உள்ள தூரத்தைப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள்: 51-ஆவது 63.75, 52-ஆவது 77.5, 90-ஆவது சரியாக 600, 99-ஆவது 1550. நாடாவை ஒரே இழுப்பில் கட்டிவைத்து, 30 மீட்டர் அளவு டேப்பைப் பக்கத்திலேயே நீட்டி, எல்லாவற்றையும் பூஜ்யத்திலிருந்தே அளங்கள். வருமான நாடாவுக்கும் அப்படியே: 50-ஆவது தையல் 212.5-இல், 90-ஆவது 1200-இல். இந்த இரண்டும் சரியாக விழுந்தால் நடுவில் இருப்பவை தானாகச் சரியாக இருக்கும்.

நூல்கண்டு எழுதியது:

சரி அண்ணா. பட்டியல் போட்டுட்டு இங்கயே ஒட்டுறேன், தைக்கிறதுக்கு முன்னாடி யாராவது ஒருமுறை சரி பார்த்துச் சொல்லுங்க.